யானையைக் கட்டித் தீனி போடுவது யார்?



மொழியையும் கல்வியையும் பற்றி எழுதிவரும் இப்பக்கத்தில் பழைய வண்டியைப் பற்றி என்ன எழுத்து என்று சிலர் கேட்கலாம். ஆசிரியர் வீட்டுப் பணம் ஆசிரியரின் பிள்ளைகளுடைய கல்விக்கான பணம். அது எங்கே போகிறது என்பது நம் எல்லோருக்கும் உரிய செய்தி. ஆகவே எழுதுகிறேன்.

அண்மைக் காலமாக ஆசிரியர் அறைகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. புதிய சிறு மகிழுந்து ஒன்றின் விலையில் பாதிக்கும் சற்று மேலே கொடுத்தால் போதுமாம். ஒரு காலத்தில் பெருஞ்செல்வர் மட்டுமே ஓட்டிய நான்கு சக்கர இயக்க வண்டியை, நம் பேச்சில் 'ஃபோர்வீல்', வீட்டு வாசலில் நிறுத்திவிடலாமாம். இளம் ஆசிரியர் ஒருவர் என்னிடமே கேட்டார். 2003-ஆம் ஆண்டில் பதிவான லேண்ட் ரோவர் டிஸ்கவரி. டீசல் எஞ்சின், தானியங்கிக் கியர். விலை 30,000 வெள்ளி. வீட்டில் இருக்கும் ஒரே சிறு மகிழுந்தை விற்று, அந்தப் பணத்தைப் பழுதுபார்ப்புச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு, வண்டிக்குச் சம்பளப் பிடித்தத்தின் வழி தனிநபர் கடன் எடுக்கலாம் என்பது அவர் திட்டம். மனைவி இல்லத்தரசி. மகன் நான்காம் படிவம். மகள் ஐந்தாம் ஆண்டு.

'வாங்கலாமா ஐயா?' என்பது கேள்வி.

வாங்காதீர்கள் தம்பி என்பது என் விடை. இதே கேள்வியை மனத்துக்குள் வைத்திருப்பவர் பலர் என்பதால் காரணங்களைப் பொதுவில் வைக்கிறேன்.

ஆசை எங்கிருந்து வந்தது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆசையை நான் ஏளனம் செய்யவில்லை. அதற்கு வேர் உண்டு.

1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் மக்கள் பார்வைக்கு வந்தது. போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு. ஆகையால் உடற்பகுதியை அலுமினியக் கலவையால் செய்தார்கள். உழவருக்கென எளிமையாகச் செய்யப்பட்ட அந்த வண்டி, பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளிலெல்லாம் படைக்கும் காவல் துறைக்கும் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மலாயாவுக்கும் வந்தது.

நம் மக்களின் நினைவில் அந்த வண்டிக்குத் தனி இடம் உண்டு. செம்மண் சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது துரையின் லேண்ட் ரோவர். அது வரும் ஓசை கேட்டால் கங்காணி முதல் பால்மரம் வெட்டுபவர் வரை எல்லோரும் ஒதுங்கி நின்றனர். நம் பாட்டன்மார் நடந்தனர், மிதிவண்டி மிதித்தனர், லாரியின் பின்புறத்தில் நின்றுகொண்டு போயினர். அந்தப் பாட்டனின் பேரன் இன்று பட்டம் பெற்ற ஆசிரியர். அதே வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் தாமும் அமர்ந்து பார்க்க வேண்டும் என்று அவர் எண்ணுவதில் வியப்பென்ன?

இதற்கு மேல் விளம்பரமும் உண்டு. 1993-ஆம் ஆண்டு கேமல் டிராஃபி என்னும் பன்னாட்டுக் காட்டுப் பயணம் நம் நாட்டின் சபா மாநிலத்தில் நடந்தது. மஞ்சள் நிற டிஸ்கவரி வண்டிகள் சேற்றில் புதைந்து எழும் படங்கள் அக்கால இளைஞர் நெஞ்சில் ஒட்டிக்கொண்டன. 1997-இல் மலேசியாவில் தொடங்கிய மழைக்காட்டு அறைகூவல் போட்டியும் அந்த ஆர்வத்துக்கு நெய் வார்த்தது.

எனவே ஆசை இயல்பானது. ஆனால் ஆசை இயல்பானது என்பதால் அது தேவையாகிவிடாது. என் வழக்கே இதுதான்: ஆசைக்குத் தேவை என்னும் சட்டையை மாட்டி, அதன் செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டாதீர்கள்.

துரை கட்டாத பணம்

துரையின் லேண்ட் ரோவரை நினைவு கூர்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அந்த வண்டிக்குத் துரை ஒரு காசும் செலவு செய்யவில்லை. வண்டி கம்பெனியுடையது. அதைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்துப் பட்டறை இருந்தது. பட்டறையில் ஆள் இருந்தார். எண்ணெய் மாற்ற, நெய்ப்பசை அடிக்க, வில்தட்டு மாற்ற எல்லாவற்றுக்கும் நாள் குறித்து வேலை நடந்தது. ஒரு வண்டி படுத்துவிட்டால் மற்றொரு வண்டி வந்தது. செலவெல்லாம் தோட்டக் கணக்கில் ஏறியது.

படையின் வண்டிக்கும் காவல் துறையின் வண்டிக்கும் இதே கதைதான். கேமல் டிராஃபி வண்டிகளின் கதையும் வேறன்று. உதிரிபாகங்களும் வல்லுநர்களும் உடன் வந்தனர்.

இவ்வகை வண்டிக்குப் பின்னால் எப்போதும் ஒரு நிறுவனம் நின்றது. அந்த நிறுவனத்திலிருந்து வண்டியை மட்டும் அறுத்தெடுத்து ஒரு தாமான் வீட்டின் முன் நிறுத்தினால் என்ன ஆகும்? அந்தக் குடும்பமே நிறுவனமாக வேண்டியதுதான். பட்டறையும் நீங்கள், உதிரிபாகக் கிடங்கும் நீங்கள், கணக்கரும் நீங்கள். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். கோவில் யானைக்குத் தீனி போடக் கோவிலுக்கு நிலம் இருந்தது. நமக்கு இருப்பது மாதச் சம்பளம்.

'கேமரன் மலையில் நாற்பது ஐம்பது ஆண்டு பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் காய்கறி ஏற்றி ஓடுகின்றனவே' என்று உடனே ஒருவர் எழுந்து நிற்பார். ஓடுகின்றன. மறுக்கவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் எளிய அமைப்புடைய பழைய வகைகள். வில்தட்டு, எளிய டீசல் எஞ்சின், பெயரளவுக்கு மின்கம்பி. சுத்தியும் திருகியும் தெரிந்தவர் ஓரத்தில் நிறுத்தியே சரிசெய்துவிடுவார். அங்கே அந்த வண்டியை நன்கறிந்த பட்டறைகள் உள்ளன. கழற்றிப் பயன்படுத்தப் பழைய வண்டிகளும் கிடக்கின்றன. வண்டி செங்குத்துச் சரிவில் மெதுவாக ஓடுகிறது, நெடுஞ்சாலையில் விரைவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே வண்டி உழைத்துப் பணம் கொண்டுவருகிறது. முட்டைக்கோசு ஏற்றிச் சம்பாதிக்கும் வண்டியையும், உங்களை ஏற்றிக்கொண்டு உங்கள் சம்பளத்தையே தின்னும் வண்டியையும் ஒரே தராசில் வைக்கலாமா?

விலை வேறு, செலவு வேறு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழமொழி. பழைய சொகுசு வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கு இல்லை.

ஒரு வண்டி ஏன் விலை இறங்குகிறது என்பதைச் சிந்திக்க வேண்டும். புதிதாக இருந்தபோது பெருந்தொகை பெற்ற வண்டி இன்று 30,000 வெள்ளிக்கு வந்துள்ளது என்றால், இறங்கியது வண்டியின் விலை மட்டுமே. அதன் உதிரிபாகங்களின் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை, கூலியும் இறங்கவில்லை. சொகுசு வண்டிக்குரிய செலவுப் பட்டியல் அப்படியே இருக்கிறது. வண்டியை விற்பவர் நமக்குக் கைமாற்றுவது அந்தப் பட்டியலைத்தான்.

இளவல் கேட்ட வண்டியையே எடுத்துக்கொள்வோம். 1998 முதல் 2004 வரை செய்யப்பட்ட இரண்டாம் தலைமுறை டிஸ்கவரி அது. அதன் ஐந்து உருளை டீசல் எஞ்சின் நல்ல எஞ்சின்தான். முறையாகப் பேணினால் நீண்ட நாள் உழைக்கும். ஆயினும் வயதான பிறகு இந்த வகையில் திரும்பத் திரும்ப வரும் நோய்கள் உலகெங்கும் இவ்வண்டி ஓட்டுவோர் நன்கறிந்தவை:

1. எஞ்சினுக்குள் இருக்கும் எரிபொருள் தெளிப்பான்களின் மின்கம்பிக் கட்டு வழியாக எஞ்சின் எண்ணெய் மெல்லக் கசிந்து ஏறி, கட்டுப்பாட்டுக் கணினியின் இணைப்பு வரை போய்ச் சேரும். வண்டி திணறும், நின்றும் போகும்.

2. எரிபொருள் அழுத்தச் சீராக்கியில் கசிவு வரும்.

3. பின்புறக் காற்றுப்பைத் தாங்கிகள் உள்ள வண்டியில் அப்பைகள் வெடித்துக் காற்றிறங்கும். காலையில் வந்து பார்த்தால் வண்டி பின்பக்கமாகக் குந்தியிருக்கும்.

4. உடல் அலுமினியம், ஆனால் அடிச்சட்டம் எஃகு. அதன் பின்பகுதி துருப்பிடிக்கும். நம் நாட்டின் மழைக்கும் ஈரத்துக்கும் சொல்ல வேண்டுமா? மேலே பளபளக்கும் சாயத்தைப் பார்ப்பவர் கீழே குனிந்து பார்ப்பதில்லை.

5. கருவிப் பலகையில் மூன்று விளக்குகள் ஒன்றாக எரியும். பூட்டா பிரேக், சக்கரப் பிடிமானக் கட்டுப்பாடு, சரிவிறக்கக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். 'சும்மா சென்சர் கோளாறு, ஒன்றும் ஆகாது' என்பார் விற்பவர்.

இந்த ஐந்தாவது நோயைச் சற்று உற்று நோக்குங்கள். 2003 காலத்து டிஸ்கவரிகளில் பொதுவாக நடுவேறுபாட்டுப் பல்லிணைப்பைப் பூட்டும் வசதி இல்லை. சேற்றில் ஒரு சக்கரம் வெறுமனே சுழன்றால் அதைப் பிடித்து நிறுத்தி, பிற சக்கரங்களுக்கு ஆற்றலைத் தருவது மின்னணுப் பிடிமானக் கட்டுப்பாடு. அது செயலிழந்தால் வண்டி நான்கு சக்கரத்தில் இயங்குவதாகப் பெயர்தான். ஒரு சக்கரம் வழுக்கினால் நகராமல் நின்றுவிடும். காட்டுக்கென்று வாங்கும் வண்டி காட்டில் உதவாது. சாலைக்கு அது கனம். பட்டறைக்கு மட்டும் ஏற்றது!

மற்றொன்று. உரிமை மாற்றத்துக்குமுன் செய்யும் வாகனப் பரிசோதனையில் வண்டி தேறிவிட்டது என்பதைச் சிலர் நற்சான்றாகக் காட்டுவர். வண்டி எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவோடு பொருந்துகின்றனவா, அன்றைய நிலையில் சாலையில் ஓடத் தகுந்ததா என்பதை அது சொல்லும். கியர்ப்பெட்டி இன்னும் எத்தனை மாதம் உழைக்கும் என்பதைச் சொல்லாது. தேர்வில் தேறியவனெல்லாம் பாடம் கற்றவன் அல்லன் என்பதை ஆசிரியர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மாணவருக்குப் பிரச்சினைக் கணக்கு நடத்தும் நாம் நம் வீட்டுக் கணக்கைப் போடத் தயங்குகிறோம். இதோ போடுவோம். கீழ்வருவன ஓர் எடுத்துக்காட்டுக்கான எண்கள். உங்கள் எண்களை இட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

கடன்: 30,000 வெள்ளி, ஏழு ஆண்டுகள், குறையும் நிலுவைக்கு ஆண்டு வட்டி 6 விழுக்காடு எனக் கொண்டால் மாதத் தவணை சுமார் 438 வெள்ளி. முடிவில் கட்டியிருப்பது ஏறத்தாழ 36,800 வெள்ளி. இங்கே ஒரு கேள்வி. ஏன் தனிநபர் கடன்? ஏனெனில் இத்தனை வயதான வண்டியை ஈடாகக் கொண்டு தவணைக் கொள்முதல் கடன் தர வங்கிகள் பொதுவாகத் தயங்கும். வங்கி தன் பணத்தை நம்பிப் போடாத வண்டியில், உங்கள் பணத்தை நீங்கள் நம்பிப் போடுகிறீர்கள். அது மட்டுமா? கடன் தீரும் நாளில் வண்டியின் வயது முப்பதை எட்டியிருக்கும். நடுவில் வண்டி படுத்துவிட்டாலும் சம்பளப் பிடித்தம் படுக்காது.

எரிபொருள்: மாதம் 1,500 கிலோமீட்டர். டிஸ்கவரி 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிப்பதாகக் கொண்டால் 180 லிட்டர். 2024-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் உதவித்தொகை முறை மாறி, ஒரே இரவில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த 3.35 வெள்ளிக் கணக்கில் மாதம் 603 வெள்ளி. சிறு மகிழுந்து 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் என்றால் 90 லிட்டர். 2025 செப்டம்பர் 30-இல் குடிமக்களுக்கென அறிமுகமான 1.99 வெள்ளி விலையில் அது சுமார் 179 வெள்ளி. வேறுபாடு 424 வெள்ளி. டீசல் வண்டி வைத்திருக்கும் தகுதியுடையோர்க்கு 2024-இல் அறிவிக்கப்பட்ட மாதம் 200 வெள்ளி உதவி உங்களுக்கும் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 224 வெள்ளி கூடுதல்.

பராமரிப்பு: சிறு மகிழுந்துக்கு ஆவதைக் கழித்துவிட்டு, கூடுதலாக மாதம் 400 வெள்ளி என்று வைப்போம். இது தாராளமான தொகையன்று. தானியங்கிக் கியர்ப்பெட்டி ஒருமுறை கைவிட்டால் ஓராண்டு ஒதுக்கீட்டை அதுவே விழுங்கக்கூடும்.

கூட்டினால் 438 + 224 + 400 = 1,062 வெள்ளி, ஒவ்வொரு மாதமும். ஏழாண்டுக்கு, அதாவது 84 மாதங்களுக்கு, 89,208 வெள்ளி. சாலை வரி, காப்புறுதி, பெரிய டயர்கள் ஆகியவற்றை நான் சேர்க்கவே இல்லை. 30,000 வெள்ளி வண்டி என்றார்கள். எங்கே அந்த 30,000?

'பழைய மகிழுந்தை விற்ற பணம் இருக்கிறதே' என்பார் தம்பி. இருக்கிறது. அது முதல் ஓராண்டு, ஈராண்டுப் பழுதுக்குத் துணை நிற்கும். அதன் பிறகு? ஓடிக்கொண்டிருந்த வண்டியை விற்று, ஓடுமோ ஓடாதோ என்னும் வண்டிக்கு மருந்து வாங்குவது என்ன பொருளியல்?

காப்புறுதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய வண்டி மோதிப் பழுதடைந்து புதிய உதிரிபாகம் பொருத்தினால், அந்தப் பாகத்தின் விலையில் ஒரு பகுதியை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்னும் ஏற்பாடு நம் நாட்டில் உள்ளது. ஐந்தாண்டு வண்டிக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்தாண்டும் அதற்கு மேலும் ஆன வண்டிக்கு 40 விழுக்காடு வரை போகும் அளவை அது. முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர் இதையும் அறிந்திருப்பது நல்லது. இத்தனை வயதான வண்டிக்கு முழுக் காப்புறுதி கிடைப்பதே அரிது என்பது வேறு செய்தி.

சிங்கப்பூரில் இருக்கும் வாசகர்க்கு இந்தச் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. அங்கே பத்தாண்டு உரிமைச் சான்று முடிந்தவுடன், வண்டியை ஒழிப்பதா, மீண்டும் பெரும்பணம் கட்டி ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ புதுப்பிப்பதா என்று அரசே உட்காரவைத்துக் கணக்குப் போடச் செய்கிறது. நம் பக்கத்தில் அப்படி யாரும் வற்புறுத்துவதில்லை. நாமேதான் உட்கார வேண்டும்.

சொல்லப்படும் நியாயங்கள்

'எனக்குத் தெரிந்த ஃபோர்மேன் இருக்கிறார்.' நல்லது. அவர் இந்த வகை வண்டியைப் பிரித்துக் கோத்தவரா? இதன் கணினியோடு பேசும் கருவி அவரிடம் உண்டா? சாதாரண மகிழுந்தை நன்கு பார்க்கும் ஃபோர்மேன், இந்த வண்டியில் ஊகித்து ஊகித்துப் பாகம் மாற்றுவார். ஒவ்வோர் ஊகத்துக்கும் பணம் உங்களுடையது. நட்பு கூலியைக் குறைக்கலாம். உதிரிபாகத்தின் விலையைக் குறைக்காது.

'குடும்பத்துக்குப் பாதுகாப்பு, வண்டி கனம்.' கனமும் பாதுகாப்பும் ஒன்றல்ல. உயரமான வண்டியின் எடை மேலே நிற்கும். திடீரென ஒடித்தால் கவிழும் வாய்ப்பு அதிகம். பூட்டா பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் இரண்டு டன்னுக்கும் மேல் நிறையுள்ள வண்டியை ஈரச் சாலையில் நிறுத்திப் பாருங்கள். மாறாக, 2017-இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை மைவி ஆசியான் மோதல் சோதனையில் ஐந்து விண்மீன் பெற்றது. 'தகர டப்பா' என்று நாம் கேலி பேசும் சிறு மகிழுந்து இருபது ஆண்டு அறிவு வளர்ச்சியைச் சுமந்து நிற்கிறது.

'வெள்ளம் வந்தால் உதவும்.' 2021 டிசம்பரில் சிலாங்கூர் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரை நீர் ஏறியது. நான்கு சக்கர வண்டிக் குழுவினர் பலர் உதவிக்கு ஓடி வந்தனர். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் அத்தகையோர் காற்றுக்குழாயை உயர்த்தி, அச்சுகளின் மூச்சுக்குழாய்களை மேலேற்றி, வண்டியை அதற்கென அணியப்படுத்தி வைத்திருப்பவர்கள். அடைப்புகள் காய்ந்து வெடித்த இருபதாண்டு வண்டியைத் தண்ணீரில் இறக்கினால் மீட்கப் போனவரையே மீட்க வேண்டி வரும். மேலும் ஒன்று: ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பின்னும் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வரக்கூடும். வெள்ளத்துக்கு உதவும் என்று வாங்கும் வண்டி வெள்ளத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். இருக்கையின் அடித்தளக் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள்.

'பழமைப் பொருள், விலை ஏறும்.' சில வண்டிகளுக்கு ஏறும். முறையான பராமரிப்புப் பதிவோடு, மாறாத உருவத்தோடு, நிழலில் நிறுத்தப்பட்ட வண்டிகளுக்கு ஏறும். நாள்தோறும் பள்ளிக்கும் சந்தைக்கும் ஓடி, வெயிலில் காய்ந்து, கிடைத்த பாகத்தைப் பொருத்திய வண்டிக்கு ஏறாது. முதலீடு என்னும் சொல்லை இதற்குப் பயன்படுத்துவது சொல்லுக்கு நாம் இழைக்கும் தீங்கு.

'தோட்டப் பள்ளிக்குப் போகும் சாலை மோசம்.' இந்த ஒன்றில் மட்டும் உண்மை இருக்கக்கூடும். மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டச் சாலை படும் பாடு நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் பணியாற்றுவோர், எல்லாப் பட்டறைகளும் அறிந்த, எங்கும் பாகம் கிடைக்கும் எளிய டீசல் பிக்கப் வண்டியைப் பார்க்கட்டும். தேவை சாலையைக் கடப்பது என்றால் அது போதும். அது போதாது என்று மனம் சொன்னால், கேட்பது சாலையன்று; ஆசை.

அப்படியானால் யார் வாங்கலாம்?

யாருமே வாங்கக் கூடாது என்பது என் கட்சியன்று. பழைய பொறியைப் பேணிக் காப்பது ஒரு நற்கலை. கையில் எண்ணெய்க் கறையோடு விடுமுறையைக் கழிப்பவரை நான் மதிக்கிறேன். பின்வரும் ஐந்துக்கும் 'ஆம்' என்று சொல்லக்கூடியவர் தாராளமாக வாங்கட்டும்:

1. வீட்டில் நம்பகமான மற்றொரு வண்டி இருக்கிறதா?

2. கடனின்றிக் கைப்பணத்தில் வாங்க முடியுமா?

3. வாங்கும் விலையில் பாதியேனும் பழுதுபார்ப்புக்கெனத் தனியே இருக்கிறதா? அது பிள்ளைகளின் கல்விச் சேமிப்பிலிருந்து எடுக்காத பணமா?

4. இந்த வகை வண்டியில் பழகிய பட்டறையை வாங்குவதற்கு முன்பே கண்டறிந்து, அவர்களிடம் வண்டியைக் காட்டிக் கருத்துக் கேட்டாயிற்றா?

5. வீட்டரசியிடம் முழுக் கணக்கையும் காட்டியாயிற்றா? விலையை மட்டும் சொல்வது கணக்குக் காட்டுவதாகாது.

ஐந்துக்கும் ஆம் என்பவர் பார்க்கப் போகும்போது, எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போகட்டும். முன்னரே சூடாக்கி வைத்த எஞ்சின் எதையோ மறைக்கிறது. சாவியைத் திருப்பியவுடன் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, பிறகு அணைகின்றனவா என்று பார்க்கட்டும். எரியவே எரியாத விளக்கு, எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைவிட ஐயத்துக்குரியது. பட்டறையில் வண்டியைத் தூக்கி, பின்புற அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்க்கட்டும். தாழ்கியரில் மாற்றி ஓட்டிப் பார்க்கட்டும். பராமரிப்பு ரசீதுகளைக் கேட்கட்டும். 'ஒரே உரிமையாளர், ஆசிரியர் ஓட்டிய வண்டி' என்பது ரசீதாகாது.

பிள்ளைகள் கட்டும் விலை

வெள்ளிக் கணக்கைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு.

ஒரே வண்டி உள்ள வீட்டில் அந்த வண்டி பட்டறைக்குப் போனால் நின்றுபோவது வண்டி மட்டுமன்று. பகல் ஒரு மணிக்குப் பள்ளி வாயிலில் மகள் காத்து நிற்பாள். மகனின் மாலை வகுப்பு தவறும். பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்பார்கள். அந்த இரண்டு வாரமும் அக்கம்பக்கத்தாரிடம் உதவி கேட்டு நிற்க வேண்டும். அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதப் போகும் பிள்ளை உள்ள வீடு அது. யூ.பி.எஸ்.ஆர். 2021-இலும் பி.டி.3 2022-இலும் நீக்கப்பட்ட பிறகு, அந்தப் பிள்ளையின் முன் பெருந்தேர்வாக வந்து நிற்பது எஸ்.பி.எம். அந்தத் தேர்வுக் காலையில் வண்டி கிளம்புமா என்று தந்தை வேண்டிக்கொள்ளும் நிலை வரலாமா?

மாதம் 1,062 வெள்ளி என்று மேலே கண்டோம். அதில் பாதியை எடுத்து வைத்தால் ஏழாண்டில் 44,604 வெள்ளி. வட்டியும் இலாப ஈவும் சேர்க்காமலே இத்தனை. மகள் கல்லூரியில் காலடி வைக்கும்போது கல்விக் கடனின் சுமையைக் கணிசமாகக் குறைக்கும் தொகை அது. மீதிப் பாதியில் ஆண்டுக்கு ஒருமுறை நல்ல நான்கு சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போய்வரலாம். சேறும் சறுக்கலுமான பாதைக்கு அங்குள்ள ஓட்டுநரே தம் லேண்ட் ரோவரில் அழைத்துப் போவார். பழுதானால் கவலை அவருடையது.

நம் பாட்டன்மார் துரையின் வண்டிக்கு ஒதுங்கி நின்ற காலம் போயிற்று. அதைப் போக்கியது வண்டியன்று, படிப்பு. அந்தப் படிப்புக்குரிய பணத்தை எடுத்து அந்த வண்டிக்கே மீண்டும் தீனியாகப் போடுவதில் என்ன பெருமை இருக்கிறது?

எனவே தம்பி, அந்தச் சிறு மகிழுந்தை விற்காதீர்கள். அதற்கு எண்ணெய் மாற்றி, நல்ல டயர் போட்டு ஓட்டுங்கள். ஆசையை வெட்டி எறியவும் வேண்டாம். பிள்ளைகள் இருவரும் தலையெடுத்த பின், கைப்பணம் கொண்டு, கண்திறந்து வாங்குங்கள். பழைய வண்டி அன்றும் சந்தையில் இருக்கும். பிள்ளைகளின் பள்ளிப் பருவம் அன்று இருக்காது.

சிந்திப்போம். கணக்கிட்டுச் செயல்படுவோம்.